விதைக்கும் மொய் எழுதுங்கள்

ஆடி மாதம் மற்ற ஊர்க் கலியாண மண்டபங்களுக்கு ஓய்வு மாதம். சுவருக்கு வெள்ளையடிப்பார்கள், பாத்திரங்களை எண்ணிப் பூட்டி வைப்பார்கள். கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், ஆலங்குடி வட்டாரத்தில் கதையே வேறு. புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பக்கமும் அதை ஒட்டிய பேராவூரணிச் சீமையும் ஆடி, ஆவணி இரண்டு மாதமும் கறிக்குழம்பு வாசத்தில்தான் கிடக்கும். மொய் விருந்துக் காலம் அது.

வெளியூர் வாசகருக்கு ஒரு வார்த்தை. மொய் விருந்தில் மாப்பிள்ளையும் இல்லை, பெண்ணும் இல்லை. மொய் வாங்குவதற்கென்றே வைக்கும் விருந்து. பல வீட்டுக்காரர்கள் செலவைப் பங்கு போட்டுக்கொண்டு ஒரே பந்தலில் சேர்ந்து வைப்பார்கள். ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு நோட்டு, ஆளுக்கொரு அண்டா. சாப்பிட்டுக் கை கழுவி வருகிறவர் மேசை முன்னால் நின்று ஊர்ப் பெயரும் தகப்பன் பெயரும் சொல்வார். எழுதுகிறவர் பழைய நோட்டைப் புரட்டி, "நீங்க திருப்ப வேண்டியது ரெண்டாயிரம்" என்பார். வந்தவர் ஐயாயிரமாக நீட்டுவார். இரண்டாயிரம் பழைய பாக்கி, மூவாயிரம் புது மொய். அந்த மூவாயிரம் அவருடைய முறை வரும்போது கூடுதலோடு திரும்பி வரும். ஐந்தாண்டுக்கு ஒரு தடவை ஒரு வீட்டுக்கு முறை வரும். பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. கிணறு வெட்டியவர்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள், கடை போட்டவர்கள் எல்லாரும் இந்த அண்டாவில் கை விட்டு எழுந்தவர்கள்தான். 2019இல் வடகாட்டில் ஒரே விருந்தில் 4 கோடி ரூபாய் மொய் விழுந்தது என்றும், ஒரு டன் ஆட்டுக்கறி வெந்தது என்றும் செய்தித்தாள்கள் எழுதின. பணம் எண்ணும் இயந்திரத்தோடு வங்கிக்காரர்கள் பந்தலுக்கே வந்து உட்காருகிறார்கள்.

இதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. வாய்ச் சொல்லையும் ஒரு நாற்பது பக்க நோட்டையும் நம்பிக் கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கும் ஊர்கள் நாட்டில் எத்தனை இருக்கும்? வாங்கிய மொய்யைத் திருப்பாதவர் இந்தப் பக்கம் டீக்கடை பெஞ்சில் நிமிர்ந்து உட்கார முடியாது. அந்த நாணயம் பெரிய சொத்து. அந்த நாணயத்தை நம்பித்தான் இதை எழுதுகிறேன், மக்களே.

போன ஆடியில் ஒரு பந்தலின் பின்கட்டில் சமையல்காரரிடம் கேட்டேன். "அண்ணே, அரிசி எந்த ஊரு?"

சாக்கைத் திருப்பிப் பார்த்தார். "கர்நாடகான்னு போட்டுருக்கு."

"எண்ணெய்?"

"பாமாயில்தான். கடலெண்ணெய்ல சமைச்சா கட்டுபடியாகுமா தம்பி?"

பந்தலுக்கு வெளியே, கூப்பிடு தூரத்தில், கடலைக் கொல்லை. ஆலங்குடியும் கறம்பக்குடியும் கந்தர்வகோட்டையும் நிலக்கடலைக்குப் பேர்போன மண். அந்த மண்ணில் நின்றுகொண்டு, மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் பிழிந்து கப்பலில் வந்த எண்ணெயில் அப்பளம் பொரிக்கிறோம். ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்பதால் அது நம் வீட்டு எண்ணெய் ஆகிவிடாது. ஏழை வீட்டுக்கு அது தவிர்க்க முடியாததாக இருக்கலாம். குறை சொல்ல மாட்டேன். ஒரு டன் கறி வாங்க முடிந்த விருந்துக்கும் அதே சமாதானம் சொன்னால் எப்படி?

உளுந்தின் கதை இதைவிட வேடிக்கை. ஆலங்குடிக்குப் பக்கத்து வம்பனில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வம்பன் 8, வம்பன் 10, வம்பன் 11 என்று உளுந்து ரகங்கள் இங்கே பிறந்து மாநிலம் முழுக்கப் போய் முளைக்கின்றன. அப்படியும் வெளியிலிருந்து உளுந்து வாங்குகிறோம்; நாட்டின் உளுந்து இறக்குமதியில் பெரும் பங்கு பர்மாவிலிருந்து வருவது. வம்பன் பெயர் சொன்னால் விழுப்புரத்து விவசாயிக்குத் தெரியும். வம்பனுக்குப் பத்து கிலோமீட்டரில் இருக்கும் மளிகைக் கடையில் போய்க் கேளுங்கள், இது எந்த ஊர் உளுந்து என்று. கடைக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். ஏனென்றால் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

கேளுங்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள்.

மனிதர் மனிதருக்கு எழுதும் மொய்யில் ஒரு ரூபாய் பிசகாமல் நடக்கிற நாம், நமக்குச் சோறு போட்ட மண்ணிடம் வாங்கியதை மட்டும் எந்த நோட்டிலும் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால் பாக்கி பயமுறுத்தும். இந்த மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய், ஏரி, குளங்கள். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத நிலத்தில், மழையைப் பிடித்து வைக்கத் தெரிந்தவர்கள் வெட்டியவை. தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் இறங்கிப் பாருங்கள். கண்மாய்த் தண்ணீரைத் திறந்துவிடும் குமிழித் தூம்பின் கல் தூண்கள் இரண்டு எதிரெதிராக நிற்கும். சிலவற்றில் தூம்பு செய்து கொடுத்தவரின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அதுவும் ஒரு மொய்க் கணக்குதான். அவர் எழுதிய மொய்யை நாம் எதால் திருப்பினோம்? சீமைக்கருவேலத்தாலும், வரத்துவாரி ஆக்கிரமிப்பாலும், ஆயிரம் அடிக்குப் போகும் போர்வெல்லாலும். மேற்கே மானாவாரிக் காடுகளில் வரகும் கேழ்வரகும் சாமையும் நின்ற இடங்களில் இன்று தைலமரம் வரிசை கட்டி நிற்கிறது. வரகுச் சோறு சாப்பிட்டு வளர்ந்த அப்பத்தாவின் பேரன் சென்னைக் கடையில் வரகு அரிசிப் பொட்டலத்தைப் பார்த்து, "இது எதுக்கு, சுகருக்கா?" என்று கேட்கிறான்.

திருப்பிச் செலுத்தியவர்களும் இங்கேயே இருக்கிறார்கள். அதைச் சொல்லாமல் திட்டிக்கொண்டே போனால் நியாயம் இல்லை. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் இந்த வட்டாரத்தின் தென்னையையும் பலாவையும் முறித்துப் போட்டது. தாத்தா நட்ட பலா மரம் வேரோடு கிடக்க, அதன் மேல் உட்கார்ந்து அழுதவர்களை இந்த ஊர்கள் பார்த்தன. அடுத்த கோடையிலேயே கொத்தமங்கலம் இளைஞர்கள் அரசாங்கத்தை எதிர்பாராமல், கையிலிருந்த காசைப் போட்டு, ஊராரிடம் கேட்டுத் திரட்டி, குளங்களைத் தூர்வார இறங்கினார்கள். பேராவூரணிப் பக்கமும் கடைமடை விவசாயிகள் சங்கம் சேர்ந்து பெரிய ஏரியைத் தூர்வாரியது. புயலுக்கு இரண்டு மாதம் முன்பு மறைந்த சேந்தன்குடி மரம் தங்கசாமி, விவசாயத்தில் நொடித்துப் போன தன் நிலத்தில் மரம் மரமாக நட்டு, 'கற்பகச்சோலை' என்று ஒரு காட்டையே எழுப்பினார். கீரனூர்ப் பக்கம் ஒடுகம்பட்டியில் கொழுஞ்சிப் பண்ணை இருக்கிறது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் வாழ்ந்து வேலை செய்த இடம். ஒன்றுக்கும் உதவாது என்று ஒதுக்கப்பட்ட பொட்டல் நிலம் எப்படித் திரும்ப உயிர் பெறும் என்பதை அங்கே போய்க் கண்ணால் பார்க்கலாம். எத்தனை பேர் போய்ப் பார்த்தோம்?

நெடுவாசலை மறக்க முடியுமா? 2017 பிப்ரவரியில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக அந்த ஊர் உட்கார்ந்தது. சுற்றுப்பட்டு ஊரெல்லாம் வந்து சேர்ந்தது. மூன்றாண்டு கழித்து, 2020 பிப்ரவரியில், பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. நம் மாவட்டத்தில் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஒன்றியங்கள் அதற்குள் வந்தன. பெரிய வெற்றி. ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவனை அந்தச் சட்டம் தடுக்கும். விளைகிறதை வாங்க ஆளில்லாமல் விவசாயி நிலத்தைப் பிளாட் போடுகிறவரிடம் கொண்டு போய்க் கொடுத்தால் என்ன செய்வோம்? நிலத்தைக் காப்பாற்று என்று கோஷம் போட்ட அதே வாய், அந்த நிலத்தில் விளைந்ததைத் தின்னவும் வேண்டும். பாதிப் போராட்டத்தை முடித்துவிட்டோம், மறுபாதி நம் அடுப்படியில் பாக்கி நிற்கிறது.

இனி மொய்க்கு வருகிறேன்.

திருவாரூர் மாவட்டம் கட்டிமேட்டில் பிறந்த நெல் ஜெயராமனை எல்லாரும் அறிவார்கள். 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டவர். 2018 டிசம்பரில் மறைந்தார். ஆதிரெங்கத்தில் அவர் நடத்திய நெல் திருவிழாவில் ஒரு விவசாயிக்கு இரண்டு கிலோ விதை இலவசமாகக் கிடைக்கும். நிபந்தனை ஒன்றே: அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்ப வேண்டும். கையெழுத்து வாங்கிப் போலீசுக்குப் போகிற கணக்கு இல்லை. வாங்கியவன் மனச்சாட்சிதான் ஜாமீன். படிக்கும்போதே உங்களுக்குத் தோன்றியிருக்குமே, இது அப்படியே நம் மொய்! வாங்கு, கூட்டித் திருப்பு, திரும்பியது இன்னொரு வீட்டுக்குப் போகட்டும். தெலங்கானாவின் ஜஹீராபாத் பக்கம் தலித் பெண்கள் சங்கங்களும் விதையை இப்படித்தான் கைமாற்றிக் காப்பாற்றி வருகிறார்கள். பொங்கல் முடிந்த கையோடு மாட்டு வண்டிகளில் விதைக் கூடைகளை வைத்து ஊர் ஊராகத் திருவிழாப் போல ஊர்வலம் போகிறார்கள். அவர்களிடம் கோடி ரூபாய் அண்டா இல்லை. மொய் என்ற ஏற்பாட்டைத் தலைமுறையாக நடத்திப் பழகியவர்கள் நாம். விதைக்கு மட்டும் ஏன் ஒரு மேசை போடவில்லை?

விருந்து நடக்கிற மாதத்தைப் பாருங்கள். ஆடிப் பட்டம் தேடி விதை என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தோம். விதைக்க வேண்டிய மாதத்தில், விதைக்கிறவர்கள் எல்லாரும் ஒரே பந்தலில் கூடுகிறார்கள். வேளாண்மைத் துறை எத்தனை செலவு செய்து கூட்டம் போட்டாலும் இத்தனை விவசாயிகள் வர மாட்டார்கள். பந்தலின் ஓரத்தில் ஒரு மேசை. ஒரு பழைய நோட்டு. பத்துச் சாக்கு விதை. நாட்டுக் கத்தரி, சுரை, அவரை, வரகு, கேழ்வரகு, மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி. வேண்டுகிறவர் வாங்கிப் போகட்டும். ஊர், தகப்பன் பெயர், விதையின் பெயர், அளவு என்று எழுதுங்கள். அடுத்த ஆடியில் இருமடங்கு திருப்ப வேண்டும் என்று மொய் எழுதுகிற அதே குரலில் சத்தமாகச் சொல்லுங்கள். பணத்தைத் திருப்பாமல் விட்டால் வருகிற வெட்கம் விதையைத் திருப்பாமல் விட்டாலும் வரட்டும். மழை பொய்த்து விளையவில்லை என்றால்? மொய்யில் இல்லாதவருக்குத் தவணை தருவதில்லையா, அதே பெருந்தன்மை இங்கேயும்.

"மொய் காசு சமாச்சாரம், அதில் கத்தரி விதையைக் கொண்டுவந்து கலக்காதே" என்று சில பெரியவர்கள் சொல்லக்கூடும். மாமா, சித்தப்பா, தயவுசெய்து கேளுங்கள். மொய் ஆரம்பித்தது காசுக்காக இல்லை. நொடித்தவனைத் தூக்கி நிறுத்த. இன்று நொடித்துக் கிடப்பது விதை. உண்மையைச் சொன்னால், காசு மொய்யும் சில வீடுகளில் தடம் மாறித்தான் போயிருக்கிறது. வருமானத்துக்கு மீறிக் கையை நீட்டி மொய் வாங்கிவிட்டு, திருப்ப வழியில்லாமல் நிலத்தை விற்றவர்கள் இருக்கிறார்கள். ஊர் முழுக்க ஃபிளெக்ஸ் கட்டி, கடன் வாங்கி விருந்து வைத்தவர்கள் இருக்கிறார்கள். இலைக்கு இலை மிஞ்சிய கறியும் சோறும் குழிக்குப் போவதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பூசிய தாள் இலை, வாழை விளைகிற கீரமங்கலத்துக்குப் பக்கத்துப் பந்தியில் விரிந்து கிடக்கலாமா? வெட்கக்கேடு.

விருந்துக்கு நம்மூர் அரிசியும் எண்ணெயும் வாங்கினால் விலை கூடுமே என்பார்கள். கூடும். நம்மூர்த் தூயமல்லி அரிசி, லாரியில் வரும் அரிசியைவிடக் கிலோவுக்குக் கூடுதலாகத்தான் இருக்கும். செக்கு எண்ணெயும் அப்படியே. ஆனால் கறிக்கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டு வாய் பேசாமல் எடுத்துக் கொடுக்கிறவர், அரிசிக்குக் கூடும் பத்து ரூபாயில் மட்டும் கணக்குப் பார்ப்பது சரியா? அந்தப் பத்து ரூபாய் எங்கே போகிறது என்று பாருங்கள். மூன்று வீடு தள்ளி இருக்கும் விவசாயிக்கு. அவர் அதில் ஒரு பகுதியை உங்கள் மேசையிலேயே மொய்யாகக் கொண்டுவந்து வைப்பார். கர்நாடகத்து மில்காரர் உங்களுக்கு மொய் எழுத வருவாரா?

சிறுதானியத்தை விருந்தில் வைத்தால் யாரும் தொட மாட்டார்கள் என்பதும் சாக்குதான். கறி விருந்தில் வரகுப் பிரியாணி வைக்கச் சொல்லவில்லை. அந்தப் புரட்சி எனக்கும் வேண்டாம். ஆடியில் மாரியம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றுகிறோமே, அதற்குக் கேழ்வரகு எங்கிருந்து வருகிறது? கோயிலுக்குக் கேழ்வரகு கொடுக்க ஊரில் ஒரு காணி நிலமாவது விதைக்கக் கூடாதா? அங்கே தொடங்கலாம். 2023 மே மாதத்தில் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷன் கடையில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். ஒடிசாவில் அரசே விவசாயிகளிடம் கேழ்வரகு வாங்கிப் பங்கீட்டில் கொடுக்கிறது. அரசு செய்யட்டும் என்று காத்திருக்காமல் கேளுங்கள்: எங்கள் மாவட்ட ரேஷனில் எங்கள் கேழ்வரகு, எங்கள் கடலை எண்ணெய். பள்ளிக் காலை உணவில் எங்கள் ஊர்க் காய். ஆகஸ்ட் 15 கிராம சபை ஆடி மாதக் கடைசியில்தான் வருகிறது. ஹைட்ரோகார்பன் வேண்டாம் என்று தீர்மானம் போடத் தெரிந்த சபைகள், எது வேண்டும் என்றும் தீர்மானம் போடலாமே.

புதுக்கோட்டை நகரவாசிகள் தப்பித்துக்கொண்டோம் என்று நினைக்க வேண்டாம். விடிகாலையில் பஸ்ஸில் கீரைக்கட்டும் பாகற்காயும் ஏற்றிக்கொண்டு உழவர் சந்தைக்கு வந்து உட்காருகிற ஆத்தாவிடம் இரண்டு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறீர்கள். அதே மாலை கண்ணாடிக் கடையில் ஸ்டிக்கர் ஒட்டிய ஆப்பிளுக்குப் பேரமே பேசாமல் கார்டைத் தேய்க்கிறீர்கள். அறம் என்பது பெரிய மேடையில் பேசும் விஷயம் இல்லை, இந்த இரண்டு ரூபாயில்தான் இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் உழவர் சந்தைக்குப் போங்கள். பலாச் சீசனில் பண்ருட்டிப் பலா என்று கூவுகிறவரிடம் வடகாட்டுப் பலா இல்லையா என்று கேளுங்கள். வாங்குகிறவன் கேட்டால் கடைக்காரன் கொண்டுவந்துதானே ஆக வேண்டும்?

இளைஞர்களுக்கு வேறு வேலை. தம்பிகளா, குளத்தைத் தூர்வாரினீர்கள், சந்தோஷம். அந்தக் குளத்தில் தேங்கிய தண்ணீரில் என்ன விளைகிறது என்றும் கணக்கெடுங்கள். எந்த வீட்டில் எந்த விதை மிச்சம் இருக்கிறது, எந்தப் பாட்டியின் பரணில் சுரைக்குடுக்கைக்குள் சாம்பல் கலந்து வைத்த பாகல் விதை இருக்கிறது என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுங்கள். பாட்டி போய்விட்டால் அந்த விதை எது, எந்தப் பட்டத்துக்கு உகந்தது என்று சொல்ல ஆள் இருக்காது. இதில் தாமதம் கூடவே கூடாது. குளம் பத்து வருடம் காத்திருக்கும். பரணில் இருக்கும் விதை இரண்டு மூன்று வருடத்தில் முளைப்புத் திறன் இழந்துவிடும்.

அடுத்த ஆடியில் முறை வருகிறவர்களுக்குக் கடைசியாக. அழைப்பிதழ் அச்சுக்குப் போவதற்கு முன்னால் அரிசிக்கு ஏற்பாடு செய்யுங்கள். சம்பா அறுவடை தையில், விருந்து ஆடியில். நடுவில் ஆறு மாதம். ஆனியில் போய் நம்மூர் நெல் கிடைக்குமா என்று தேடினால் கிடைக்காது, வியாபாரி அள்ளிக்கொண்டு போயிருப்பான். பங்குதாரர்கள் எல்லாரும் சேர்ந்து தை மாதம் களத்துமேட்டுக்குப் போங்கள். எத்தனை மூட்டை வேண்டும் என்று சமையல்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, உங்கள் ஊர் விவசாயியிடம் விலை பேசி, முன்பணம் கொடுத்து, நெல்லாகவே வாங்கிப் பத்தாயத்தில் போடுங்கள். அதில் ஒரு மூட்டையை அரைக்காமல் விதை மேசைக்கு ஒதுக்குங்கள்.